பாலத்துக்கு அடியில் ஒரு பேட்டை

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் டிரெமே பேட்டையைப் பற்றி எழுதச் சொன்னபோது, ஜாஸ் இசையைத்தான் எதிர்பார்த்தார்கள். நானும் டிரம்பெட்டில்தான் தொடங்கினேன். படிக்கப் படிக்க மரங்கள் வந்து மறித்துக்கொண்டன.

கிளைபோர்ன் அவென்யூ டிரெமேயின் கடைத்தெரு. நடுவே அகலமான புல்தரை. அதில் வரிசை வரிசையாக ஓக் மரங்கள், பந்தல் போட்டதுபோல் கிளை விரித்து நின்றன. இருபுறமும் கறுப்பின மக்களே நடத்திய மருந்துக்கடை, தையற்கடை, இன்ஷூரன்ஸ் ஆபீஸ், ஈமச்சடங்கு நிலையம். மார்டி கிரா திருவிழாவின்போது நகரத்தின் பெரிய ஊர்வலங்கள் வெள்ளையர்களுக்கு; இவர்களுக்கு இந்த மர நிழல். வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள்.

1966-ல் அந்த மரங்களை வெட்டினார்கள். ஐ-10 நெடுஞ்சாலை, மேம்பாலமாக, தெருவின் தலைக்கு மேலேயே போனது. நெரிசலுக்கு வேறு வழியில்லை என்றார்கள், இருக்கலாம். ஆனால் அதே காலத்தில், சற்றுத் தள்ளி, சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பிரெஞ்சு குவார்ட்டரின் ஆற்றங்கரையிலும் ஒரு விரைவுச் சாலை வருவதாக இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, 1969-ல் அதைக் கைவிட்டார்கள். அங்கே மட்டும் வேறு வழி கிடைத்துவிட்டது.

ஒரு தெரு போனதற்கா இவ்வளவு புலம்பல் என்று கேட்கலாம். இந்த மக்களுக்கு எல்லாமே திறந்த வெளியில்தான் நடந்திருக்கிறது. அடிமைகள் கூடி ஆட ஒரே ஓர் இடம்தான் என்று 1817-ல் நகரசபை விதித்தது. பேட்டையின் ஓரத்தில் இருந்த அந்தத் திடல்தான் காங்கோ ஸ்கொயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆப்பிரிக்க மேளங்கள் முழங்கின. பக்கத்திலேயே பெண்கள் பலகாரம் விற்றார்கள். காசு சேர்த்துத் தங்களையே விலைகொடுத்து மீட்டுக்கொண்டவர்களும் அந்த நகரத்தில் உண்டு. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் டிரெமேயில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். செயின்ட் அகஸ்டின் தேவாலயம் எழுந்தபோது, தங்களுக்கு மட்டும் இருக்கை வாங்கியதோடு நிற்காமல், பக்கவாட்டு இருக்கைகளையும் வாங்கி அடிமைகளுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கோயிலின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு சிலுவை இன்று சாய்ந்து நிற்கிறது. மரச்சிலுவை இல்லை, கனத்த கப்பல் சங்கிலி. அதில் கை விலங்குகளும் கால் விலங்குகளும் தொங்குகின்றன. பெயர் தெரியாமல் செத்துப்போன அடிமைகளுக்கான நினைவுச்சின்னம் அது.

சாவும் இங்கே தெருவில்தான். இடுகாட்டுக்குப் போகும்வரை பேண்டு மெதுவாக, நெஞ்சை அறுப்பதுபோல் வாசிக்கும். உடலுக்கு விடைகொடுத்த மறுநிமிடம் மேளம் துள்ளும். குடும்பமும் பேண்டும் முதல் வரிசை. பின்னால் குடை பிடித்து, கைக்குட்டை வீசி ஆடிக்கொண்டு வருகிறவர்கள் இரண்டாம் வரிசை. அதனால்தான் அந்த ஊர்வலத்துக்கே ‘செகண்ட் லைன்’ என்று பெயர். அழைப்பெல்லாம் வேண்டாம், வழியில் போகிறவர் சேர்ந்துகொள்ளலாம்.

2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு வாடகை ஏறியது. வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகையில் போகின்றன. 2007-ல், இறந்துபோன ஓர் இசைக்கலைஞருக்காக நடந்த ஊர்வலத்தில், வாசித்துக்கொண்டிருந்தவர்களையே போலீஸ் கைது செய்தது. இசைக்குப் பேர்போன இடம் என்று குடிவந்துவிட்டு, சத்தமாக இருக்கிறது என்று புகார் கொடுப்பவர்களை என்ன சொல்வது!

மேம்பாலத்தை இடித்துவிடலாம் என்று இப்போது பேச்சு. இடித்தால் மனை விலை இன்னும் ஏறி, மிச்சமிருப்பவர்களும் வெளியேற வேண்டிவரும் என்று பேட்டையிலேயே சிலர் பயப்படுகிறார்கள். எனக்கும் அதே பயம்தான். மரம் திரும்ப வரும்போது அதன் நிழலில் உட்கார யார் இருப்பார்கள்?

பாலத்தின் தூண்களில் ஓக் மரங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஊர்வலம் அந்த இடத்துக்கு வந்ததும் பேண்டுக்காரர்கள் வேகத்தைக் குறைக்கிறார்கள். தலைக்கு மேல் லாரிகள் ஓட, கான்கிரீட்டில் மோதித் திரும்பும் சத்தம் இரண்டு மடங்காகிறது. கூட்டம் அங்கிருந்து லேசில் நகர்வதில்லை.