மலைநாட்டுப் பாதையும் தேய்ந்த கியர்ப் பெட்டியும்

சமவெளியில் வாழ்வார்க்குக் கியர்ப் பெட்டி வேகத்தை மாற்றுங் கருவி. இரத்தோட்டையில் வாழ்வார்க்கோ அது வண்டியைத் தாங்கிப் பிடிக்குங் கையும் ஆகும். மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்கு வந்து, அங்கிருந்து ரிவஸ்டன் மலைமுகட்டுக்கு ஏறும் பாதையில் ஒருமுறையேனும் வண்டி ஓட்டியவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்விறக்கத்தில் மூன்றாங் கியரில் வரும்போது எஞ்சினே சில்லுகளை இழுத்துப் பிடிக்கின்றது. அவ்வேளை கியர்த் தடி தானே துள்ளி நடுநிலைக்கு வந்துவிடுமாயின் அப்பிடி கணத்தில் அகன்றுவிடும். எஞ்சுவன பழைய ட்ரம் வகைப் பிரேக்குகளே. அவையோ நீண்ட இறக்கத்திற் சூடேறச் சூடேறப் பிடிப்புக் குறைவன. ஆதலின் கியர் துள்ளும் வண்டியைச் சிறுகுறை உடையதென்று கருதி ஓட்டுதல் தகாது.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனரைக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வகுத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. இலங்கையில் ஆசிரியரும் வைத்தியரும் இதனை விரும்பி வாங்கினர். 1960களிலும் 1970களிலும் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் உள்ளதைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழியாயிற்று. அப்பழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை.

இதன் பெட்டியினுள் மூன்று தண்டுகள் உள. எஞ்சினிலிருந்து வருவது முதற்றண்டு. பின்சில்லுகளை நோக்கிச் செல்வது பிரதான தண்டு. இவற்றின் கீழே கிடப்பது பக்கத்தண்டு. முதல் மூன்று கியர்களிலும் விசை பக்கத்தண்டின்மேற் சுழலும் பற்சில்லுக் கோவை வழியாகச் செல்லும். நாலாங் கியரில் முதற்றண்டும் பிரதான தண்டும் நேரே பிணைவதால், கீழுள்ள கோவை சுமையின்றி வெறிதே சுழலும். இவ்வொன்றை மனத்திற் கொண்டால் நோயறிதல் பாதி முடிந்தது.

முதல் மூன்று கியர்களிலும் முனகிய வண்டி நாலாங் கியரில் அமைதியுற்றால், ஐயம் பக்கத்தண்டின் மேலும் அதன் ஊசி உருளைகள் மேலும் விழவேண்டும். வண்டி நிற்க, நடுநிலையில் ஓசை எழுந்து, கிளச்சை மிதித்தவுடன் அடங்கினால், பெரும்பாலும் முதற்றண்டின் பெயரிங் தேய்ந்தது. மிதிக்கும்போது மட்டும் ஓசை எழுந்தால் கிளச்சின் கரித் தாங்கியே பழுது. பெட்டியைக் குறைகூறல் ஆகாது. சமதரையில் நடுநிலையில் உருளும்போதும் ஓசை தொடருமாயின் பின்னச்சையும் சில்லுகளையும் பார்க்க. இச்சோதனைகளுக்குச் செலவு ஒரு சதமுமில்லை. எனினும் இவற்றைச் செய்யாமலே பெட்டியை இறக்கிவிடும் பாஸ்மார் பலர்!

இரண்டாங் கியருக்கு இறக்கும்போது பற்கள் அரைபடுமாயின் சின்க்ரோமெஷ் என்னும் வேக இணக்க அமைப்புத் தேய்ந்திருக்கலாம். அதற்குமுன் கிளச்சை முழுதும் மிதித்துப் பத்து எண்ணும்வரை பொறுத்து, பின்னோக்குங் கியரைப் போட்டுப் பார்க்க. அப்போதும் அரைந்தால் கிளச் முற்றாக விடுபடவில்லை என்பது தெளிவு. அதன் தொடுப்பு ஊசிகள் தேய்ந்திருக்கும். முதற் கியரில் இவ்வண்டிக்கு அவ்விணக்க அமைப்பு இல்லவேயில்லை. ஓடும்போது அதனைப் போட்டு அரைபட்டால் குறை ஓட்டுவோருடையதே.

துள்ளுங் கியரின் காரணங்கள் பல: பிணைப்புப் பற்களின் முனை மழுங்குதல், தடுப்புக் குண்டின் சுருள் வில் தளர்தல், கவர்க்கோல் தேய்தல், தண்டுகள் முன்பின்னாக அசைதல். பெட்டியைத் தாங்கும் ரப்பர் கிழிந்தாலும் இக்குறை தோன்றும். ஆதலின் மலிவான ரப்பரை முதலிற் பார்த்தல் அறிவுடைமை. சிலர் தடியைக் கையால் அழுத்திக்கொண்டே இறங்குவர். அவ்வழுத்தம் கவர்க்கோலை அதன் பள்ளத்தில் இடைவிடாது உரசித் தேய்த்து, நோயை முதிர்விக்கும்.

எண்ணெயைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ‘கியர் எண்ணெய்’ என்ற பெயரை நம்பி, பின்னச்சுக்குரிய தடித்த எண்ணெயையே பெட்டியிலும் ஊற்றுவாருளர். மைனரின் பெட்டிக்கு உற்பத்தியாளர் விதித்தது எஞ்சின் எண்ணெய். அளவு 2¼ பைந்து, ஏறத்தாழ 1.3 லீற்றர். பின்னச்சு எண்ணெயிலுள்ள கந்தகச் சேர்க்கைகளுட் சில வெண்கலப் பகுதிகளை அரிக்கும். அதன் தடிப்பு இணக்க அமைப்பின் பிடிப்பையும் தாமதப்படுத்தும். வண்டி ஓடிச் சூடாறுமுன் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தால், பொன்னிறத் தூள் வெண்கலத் தேய்வையும், வெள்ளிநிறச் செதில் உருக்கின் உடைவையும் காட்டும்.

பெட்டியை இறக்க எஞ்சினை வெளியே எடுக்க வேண்டியதில்லை. எஞ்சினின் பின்புறத்துக்கு முட்டுக்கொடுத்து, உள்ளே தரைத்தகட்டையும் கீழே குறுக்குச் சட்டத்தையும் கழற்றினால் போதும். ஆனால் பெட்டியின் பாரம் முதற்றண்டில் தொங்கலாகாது. தொங்கினால் கிளச்சுத் தட்டு வளையும்.

பக்கத்தண்டைத் தட்டி எடுத்தால் பற்சில்லுக் கோவை பெட்டியின் அடியில் இறங்கும். அதன்பின் பிரதான தண்டு பின்வழியே வரும். இணக்கக் குடத்தைக் கழற்றும்போது துணியாற் சுற்றிக்கொள்க. இன்றேற் குண்டுகளும் வில்களும் பாய்ந்து கராஜின் இருண்ட மூலையிற் புகும். பக்கத்தண்டின் மேற்பரப்பில் நகத்துக்குத் தட்டுப்படுங் குழி ஒன்று இருந்தாலும் தண்டையும் உருளைகளையும் சேர்த்தே மாற்றுக. பழைய தண்டில் புதிய உருளை நிலைக்காது. மீளப் பூட்டும்போது உருளைகளைக் கிறீசால் ஒட்டி, சற்றுக் குறுகிய போலித்தண்டு ஒன்றை உள்ளே செலுத்தி வைத்துக்கொண்டால், மெய்த்தண்டை நுழைக்கும்போது அவை உதிரா. கோவையின் முன்பின் அசைவு 0.001 முதல் 0.003 அங்குலத்துள் அமைய வேண்டும். இதனைப் பக்கவளையங்களின் தடிப்பால் நேர்செய்வர். கண்மதிப்பில் விடுவோர் சிறிது காலத்துள் மீண்டும் பெட்டியை இறக்க நேரும்.

பூட்டியபின் எண்ணெயை அளவுக்கு மிஞ்சி விடலாகாது. இப்பழைய பெட்டியின் முன்புறத்தில் ரப்பர் அடைப்பு இல்லை. தண்டைச் சுற்றிய திருகுவரியே எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது. வண்டி நின்றால் அவ்வரிக்கு வேலையில்லை. ஆகவே இறக்கத்தில் மூக்குத் தாழ நெடுநேரம் நிறுத்தினால், மிகுந்த எண்ணெய் கிளச்சினுட் கசியும். நம்மூர் முற்றங்களிற் பல சரிவானவை. வண்டியின் பின்புறம் தாழுமாறு நிறுத்திச் சில்லுக்குக் கல் வைத்தல் நலம். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் எண்ணெயை மீண்டும் வடித்து, அதே வெள்ளைத் துணியிற் பார்த்தபின்னரே ரிவஸ்டன் பக்கம் வண்டியைத் திருப்புக.