கிடாவெட்டுக்குப் புறப்படும் முன்

கோடை விடுமுறையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்துவிட்டால், வெளியூர் சென்ற பிள்ளைகள் ஊர் திரும்புவர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் குடும்பங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கிடா வெட்டப் புறப்படும். “நான் போகலாமா?” என்று நோயாளிகள் எங்களிடம் கேட்கின்றனர். பெரும்பாலோர் போகலாம் என்பதே எங்கள் விடை. ஆயின் கிடாவுக்கும் அரிசிக்கும் திட்டமிடுவதுபோல் நோயாளிக்கும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. பொங்கலிட்டு, கிடா உரித்து, கறி வெந்து இலை போடும்போது பிற்பகல் மூன்று மணிகூட ஆகிவிடும். சாமி கும்பிடும்வரை பச்சைத்தண்ணீர் கூடப் பல்லில் படாமல் இருப்போரும் உண்டு. இன்சுலின் போடுவோரோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்போரோ மருந்தை மட்டும் வழக்கமான வேளையில் எடுத்துக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அப்போது வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். சித்திரை வெயிலில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. அதனால், ‘வெயிலுக்கு வாடிவிட்டார், வேப்பமரத்தடியில் சற்றுப் படுக்கட்டும்’ என்று உடனிருப்போர் விட்டுவிடுகின்றனர். அப்படிப் படுக்கவிடுவதுதான் ஆபத்து. குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழ் காட்டினாலோ, பார்க்கக் கருவி இல்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்தபின், கறி வேகட்டும் என்று காத்திராமல் இரண்டு இட்லியாவது உண்ணச் செய்யுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும். விரதம் இருக்க விரும்புவோர், எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது என்பதை முன்னதாகவே தம் மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தாலும் அது உறைந்து கெடும். ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு கலயத்தை இறக்கி, அதில் மருந்தை நீர் படாமல் வைத்து, நிழலில் வைத்தால் போதும். நம் பக்கத்து வறண்ட காற்று பானையை நன்றாகவே குளிர்விக்கும்.

அடுத்தது பாதம். கோயில் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொதிக்கும் மணலில் நடக்கிறோம். நாட்பட்ட சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கும். சுட்டுக் கொப்பளித்தாலும், சீமைக்கருவேல முள் தைத்தாலும் தெரியாது. வெயில் ஏறுமுன் வழிபாட்டை முடித்துக்கொள்ளுங்கள். தடித்த பருத்திக் காலுறை அணியுங்கள். அன்றிரவு மகனோ மகளோ விளக்கொளியில் பாதம் முழுவதையும் பார்த்துவிட வேண்டும். புண்ணாகி நாட்கள் கழித்து வருவோருக்கு விரலையே எடுக்க நேர்வதுண்டு.

சிறுநீரக நோயாளிகளுக்கு அன்பு மிகுதியால் இளநீர் வெட்டிக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள பொட்டாசியம் அவர்களது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். மருத்துவர் சொன்ன அளவு தண்ணீரே போதும். டயாலிசிஸ் நாளை விருந்துக்காகத் தள்ளிப்போடுவதும் கூடாது.

இனி கறி. பச்சைக்கறி அரிந்த கத்தியாலேயே வெங்காயம் அரிவது வழக்கமாயிருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கத்தி கொண்டுசெல்லுங்கள். இப்போது இளைஞர்கள் கரியடுப்பில் கோழி சுடுகின்றனர். நம் வட்டாரத்துக் கரிமூட்டங்களில் வெந்த சீமைக்கருவேலங்கரி சீக்கிரம் அணையாது, அதற்குச் சூடும் மிகுதி. மேல்தோல் கருகிவிடும், எலும்பருகே சிவந்தே இருக்கும். அந்தத் துண்டை மீண்டும் அடுப்பில் போடுங்கள். ஆஸ்துமா உள்ளோர் புகை வராத பக்கம் அமரட்டும். அணையாத கரியை மூடிய அறைக்குள்ளோ வண்டிக்குள்ளோ வைத்தால், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமின்றியே உயிரைப் பறிக்கும்.

சமைத்த கறியை இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைப்பது தகாது. தூக்குவாளியில் கட்டிச் சென்று இரவு பங்கிடும் கறிதான் மறுநாள் பலரையும் வயிற்றுப்போக்கோடு எங்களிடம் அனுப்புகிறது. அங்கேயே பரிமாறித் தீர்த்துவிடுங்கள்.

யாரேனும் வெயிலில் தொட்டால் சுடும் உடம்போடு உளறத் தொடங்கினால், நிழலுக்குக் கொண்டுவந்து மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108ஐ அழையுங்கள். காட்டுக்கோயிலுக்கு வழி கேட்கும்போது வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் திணறுவர். ஊராட்சியின் பெயரையும் பிரதான சாலையிலிருந்து திரும்பும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி, மருந்துச்சீட்டுடன் பையில் வையுங்கள்.