இரப்பவர் பொய்யும் ஈபவர் பொய்யும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் நம்மவர்களுக்குப் பழக்கமான கதை ஒன்று உண்டு. "களியக்காவிளையில வச்சு பர்ஸ் தொலஞ்சு போச்சு, ஊருக்குப் போக வண்டிக்கூலி வேணும்" என்று ஒருவர் கேட்பார். மனமிரங்கிக் கொடுப்போம். அடுத்த மாதம் அதே ஆள், அதே கதை! அதன்பின் உண்மையிலேயே பசித்து வருபவருக்கும் நம் கை நீளுவதில்லை. ஒருவர் சொன்ன பொய்க்கு இன்னொருவர் பட்டினி கிடக்கிறார்.

ஆனால் பொய் சொன்னவருக்குப் பசியே இல்லை என்று கொள்ளலாமா? "பசிக்கிறது" என்ற ஒற்றைச் சொல்லுக்கு நாம் இரங்காததால்தான் கதை பிறக்கிறது என்பது என் எண்ணம். சென்னை மாகாணம் 1945-இலும், திருவிதாங்கூர் கொல்லம் ஆண்டு 1120-இலும் பிச்சையெடுப்பதைத் தடுக்கச் சட்டம் செய்தன. எல்லையின் இருபுறமும் கேட்பதே குற்றமாயிற்று, வறுமை தீரவில்லை. டில்லியில் அமலில் இருந்த இத்தகைய சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2018-இல் ரத்துச் செய்தது.

வள்ளுவரோ கொடுப்பவரையும் விசாரிக்கிறார். இரவு, இரவச்சம் என்னும் 106, 107-ஆம் அதிகாரங்களில் அவர் திரும்பத் திரும்பக் கடிவது 'கரப்பு'. அதாவது, இருப்பதை ஒளிப்பது. இரப்பவரிடம் உண்மையைத் தேடும் நாம், பையில் காசிருக்க, "சில்லறை இல்ல, போ" என்கிறோமே, அது எந்தக் கணக்கு?

கதையை நம்ப முடியாவிட்டால் "தர முடியாதுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். சோறு கேட்டால் கதை விசாரிக்காமல் கொடுக்கலாம். பக்கத்தில் நிற்கும் நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.