ஸைத்தூன் துறைமுகத்தில் தமிழ்க்கரை மக்கள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் வாயில்களில், வேலைமுறை மாறும் காலை வேளையில் நிற்பவர் செவியில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் விழும். வாடகை அறை தேடி, புரியாத மொழியில் பேரம் பேசி, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பி வாழும் அயலார் அவர்கள். தொழிற்பேட்டைக்குக் கிழக்கே ஏரியும் கடலும் கலக்கும் பழவேற்காடு இருக்கின்றது. அவ்வூர் முஸ்லிம் பெருமக்களில் பலர், தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து மரக்கலம் ஏறி வந்தவர் என்று வழிவழியாகக் கூறி வருவர். வந்தவர் ஊரினர் ஆன வரலாற்றை நாம் அடிக்கடி பேசுகின்றோம். ஆனால் இதே சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்டு, சீனத்துக் கடற்கரை நகர் ஒன்றில் அயலாராய் வாழ்ந்த நம்மவரைப் பற்றி மாணவர் பலர் அறியார். அவர்தம் வாழ்வை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நகர் தென்கிழக்குச் சீனத்தின் ஃபூஜியான் மாநிலத்தில் உள்ள சுவான்சௌ. அரபு வணிகர் அதனை ஸைத்தூன் என்றனர். ஸைத்தூன் என்றால் அரபியில் ஒலிவம். எனினும் அங்கே ஒலிவ மரம் ஏதும் இல்லை. நகரெங்கும் சிவந்து பூத்திருந்த ஒரு மரத்தைச் சீனர் 'சித்தோங்' என்றழைக்க, அதுவே அரபியர் வாயில் ஸைத்தூன் ஆயிற்று என்பர் அறிஞர். அம்மரம் நம் வேலியோரத்துக் கல்யாண முருங்கையே! 1087ஆம் ஆண்டில் சொங் அரசு அங்குக் கடல் வணிக அலுவலகம் ஒன்றை நிறுவியது. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது.

அக்காலத்தில் அங்குச் சென்றவர் நினைத்தவுடன் திரும்ப இயலாது. தென்மேற்குப் பருவக்காற்றில் சென்ற கப்பல், வாடைக்காற்று எழும் வரை காத்திருத்தல் வேண்டும். வந்த ஆண்டிலேயே திரும்பாமல் தங்கிவிட்ட அயலாரைக் குறிக்கச் சீனர் தனிச்சொல்லே வைத்திருந்தனர். 'சூதாங்' என்பது அச்சொல். தாங் நாட்டில், அதாவது சீனத்தில், தங்கியவர் என்பது பொருள். 1119 அளவில் சூ யூ என்பார் காண்டன் நகர் பற்றி எழுதிய குறிப்புகளில் இச்சொல் காணப்படுகின்றது. அயலார் குடியிருப்புக்கு அவர்களுள் ஒருவரே தலைவர் என்பதையும், சிறு குற்றங்களை அவரிடமே விட்டனர், பெருங்குற்றங்களைச் சீன அதிகாரிகளே தீர்த்தனர் என்பதையும் அந்நூலால் அறிகின்றோம். துறைமுகத்தில் வரியும் கடுமையே. முத்து, கற்பூரம் போன்ற உயர்பொருள்களில் பத்தில் ஒரு பங்கு. ஆமையோடு, பதிமுக மரம் ஆகியவற்றில் பத்தில் மூன்று பங்கு!

இதற்கும் முன்னர், 851ஆம் ஆண்டின் அரபு நூல் ஒன்று, காண்டன் முஸ்லிம்களுக்குள் எழும் வழக்குகளைத் தீர்க்க ஒரு முஸ்லிமையே சீன அரசு அமர்த்தியது என்றும், பெருநாள் தொழுகையை அவரே முன்னின்று நடத்தினார் என்றும் கூறுகின்றது. சுவான்சௌவிலும் ஹிஜ்ரி 400இல், அஃதாவது கி.பி. 1009–10இல், கருங்கல்லால் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. அதன் உயர்ந்த வாயிலும் தொழுகைக்கூடச் சுவர்களும் இன்றும் நிற்கின்றன.

நம் நாட்டவர் செய்திக்கு வருவோம். கடல் வணிக அலுவலகத் தலைவராய் அந்நகரில் பணியாற்றிய சாவோ ருகுவா, 1225இல் அயல்நாடுகள் பற்றி ஒரு நூல் எழுதினார். மலையாளக் கரையைச் சேர்ந்த தந்தையும் மகனும் நகரின் தென்பகுதியில் அப்போது வாழ்ந்து வந்தனர் என்று அதில் குறிக்கின்றார். அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டு, 984க்கும் 988க்கும் இடையில் கடல்வழி வந்த இந்தியத் துறவி ஒருவர், அயல்நாட்டு வணிகர் குவித்த பொன்னையும் பட்டையும் தமக்கென வையாது, அதே தென்பகுதியில் நிலம் வாங்கிப் பௌத்தப் பள்ளி ஒன்று கட்டினார் என்பதும் அந்நூலில் உள்ளது. ஆக, நகரின் தென்புறம் நம்மவர் பகுதியாகவே இருந்திருக்கின்றது எனலாம்.

தமிழரைப் பொறுத்தவரை ஐயத்திற்கே இடமில்லாத சான்று ஒரு கல்வெட்டு. சக ஆண்டு 1203 சித்திரைத் திங்கள், அதாவது 1281 ஏப்ரலில், சம்பந்தப்பெருமாள் என்பார் திருக்கதலீசுவரம் என்னும் சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்தார் என்று அது தமிழில் கூறுகின்றது. மங்கோலியக் கானின் நலத்துக்காக அச்செயல் நிகழ்ந்தது. கானின் ஆணையைக் குறிக்கக் கல்வெட்டு ஆளும் சொல் 'பர்மான்'. சீன மண்ணில், தமிழ் எழுத்தில், சிவன் கோயில் கல்லில் ஒரு பாரசீகச் சொல்! அயலார் வாழ்வு எதன்மேல் நின்றது என்பதை அவ்வொரு சொல்லே காட்டிவிடுகின்றது. ஆள்வோரின் ஒப்புதல் ஓலையே அவர்க்கு நிலமும் கூரையும். இதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1267இல், சீனர் நம் நாகப்பட்டினத்தில் செங்கற்கோபுரம் ஒன்றைக் கட்டி முடித்தனர் என்று வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி எழுதியிருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அந்த 1281ஆம் ஆண்டிலேயே குப்லாய் கானின் தூதர் யாங் டிங்பி தமிழகக் கரைக்கு வந்தார். அரபியர் மஅபர் என்றழைத்த அக்கரையைப் பாண்டிய உடன்பிறந்தார் ஐவர் அப்போது ஆண்டனர் என்று சீன நூல்கள் கூறும். அவர்களின் அமைச்சருள் ஒருவர் ஸையித் என்னும் இயற்பெயர் கொண்ட முஸ்லிம். அவருடைய முன்னோர் அரபுக் கரையிலிருந்து வந்து இங்கு வணிகம் செய்தவர். தந்தையை அரசர் ஐவரும் தம் ஆறாம் உடன்பிறப்பாகப் போற்றினராம். தந்தையின் பெயரான அபூ அலி என்பதையே மகனுக்கும் வழங்கினர். சீனர் அதனைப் 'பு-அ-லி' என எழுதினர். அவர் தூதரை மறைவில் சந்தித்து, கானிடம் தமக்குள்ள பற்றினைத் தெரிவித்தார். தம் பொன்னும் நிலமும் மனைவி மக்களும் பறிக்கப்பட்டதையும், கொலைக்குத் தப்பச் சூழ்ச்சியாகப் பேச நேர்ந்ததையும் அப்போது அவர் கூறியதாக யுவான் வரலாற்று நூலில் பதிவாகியுள்ளது.

1291இல் குப்லாய் அழைக்க, குடும்பத்தைப் பிரிந்து, ஏறத்தாழ நூறு பேருடன் அவர் சீனம் சென்றார். உயர்பட்டங்கள் கிடைத்தன. கொரிய நாட்டுப் பெண் ஒருத்தியைக் கான் அவருக்கு மணம் முடித்து வைத்தார். சுவான்சௌவில் அவர் வாழ்ந்தார். 1298இல் கொரிய மன்னருக்கு அகிலும் துணியும் பரிசாக அனுப்பினார்; மஅபர் நாட்டு இளவரசர், தம் மன்னனோடு மாறுபட்டுப் போந்தவர், என்று கொரிய வரலாறு அவரைக் குறிக்கின்றது. 1299இல் தலைநகரில் இறந்தபோது அவருக்கு அகவை 49. அரசாணைப்படி உடல் சுவான்சௌவுக்குக் கொணர்ந்து அடக்கப்பட்டது.

இவரைத் துரோகி என்பாரும் உளர். அறிவாளி என்பாரும் உளர். இருவருமே அவசரப்படுகின்றனர் என்பது என் கருத்து. முன்னோர் அயலாராய் வந்து, தந்தை உறவினர் எனப் பெயர் பெற்ற மண்ணில், மகனுக்கு உயிரும் உடைமையும் உறுதியில்லாமற் போயின. பின்னர்ப் பேரரசனின் தயவு கிடைத்தது. ஆனால் பிரிந்து வந்த குடும்பத்தை எந்தப் பட்டம் ஈடு செய்யும்?

அரை நூற்றாண்டு கழித்து, மதுரை சுல்தானுக்கு மண உறவினரான இப்னு பதூதா அதே துறையில் இறங்கினார். அயலார்க்கு அங்கிருந்த பாதுகாப்பை அவர் வியந்து எழுதுகின்றார். புதிதாய் வரும் முஸ்லிம் வணிகர் உள்ளூர் முஸ்லிம் வீட்டிலோ சத்திரத்திலோ தங்கலாம். அவர் பணத்தை எண்ணிப் பெற்றவர் கணக்கு வைத்துச் செலவிட வேண்டும்; குறைந்தால் ஈடு செய்யவும் வேண்டும். சீனத்துக்குச் சென்று பொருளை இழந்தோம் என்று முஸ்லிம் நாடுகளில் எவரும் பேசிவிடலாகாது என்பது அவர்தம் எண்ணமாம். வழிச்சத்திரங்களில் இரவில் பெயர் எழுதி, விடியலில் எண்ணிச் சரிபார்த்தே அனுப்புவர். இத்தனை இருந்தும் தம் உள்ளம் அங்கு ஒன்றவில்லை என்றும், வெளியே சென்றால் மனம் வருந்தியதால் வீட்டிலேயே இருந்ததாகவும், முஸ்லிம் ஒருவரைக் கண்டால் சொந்த உறவினரைக் கண்டாற்போல் மகிழ்ந்ததாகவும் அவரே ஒப்புகின்றார். வெளிநாட்டில் உள்ள மகனின் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கும் பெற்றோர்க்கு இவ்வரிகள் விளங்கும்.

அப்பாதுகாப்பு நெடுநாள் நிற்கவில்லை. 1357இல் நகரின் பாரசீகப் படையினர் கிளர்ந்தெழுந்தனர். 1366 வரை போர் ஓயவில்லை. அது அடக்கப்பட்டபோது படையினர் மட்டுமன்றி அயலார் பலரும் வெட்டுண்டனர். கல்லறைகளும் கோயில்களும் இடிந்தன. 1371இல் மிங் அரசு தனியார் கடல் வணிகத்தையே தடை செய்தது.

இடிந்த கற்களை மக்கள் நகர் மதிலுக்கும் வீடுகளுக்கும் எடுத்துக்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டில் மதில் இடிக்கப்பட்டபோது அரபுக் கல்லறைக் கற்களும் சிவலிங்கச் சிற்பங்களும் அடுத்தடுத்து வெளிப்பட்டன. வூ வென்லியாங் என்னும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித் திரட்டி 1957இல் நூலாக்கினார். தமிழ்க் கல்வெட்டும் 1956இல் அவர் கண்டெடுத்ததே. இன்று அது சியாமென் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளது. திருமால், கண்ணன் உருவங்களோடு கூடிய இரு தூண்கள் கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத்தில் நிற்கின்றன. செதியான் சிற்றூரில் நம் நாட்டுத் தேவி சிலை ஒன்றைக் குவான்யின் எனக் கருதிச் சீனர் வழிபட்டு வருகின்றனர்.

முஸ்லிம்களுள் உயிர் தப்பியோர் சிலர் நகரை விட்டுக் கடலோரச் சிற்றூர்களில் குடியேறிச் சீனப் பெயர் பூண்டனர். செந்தாய் ஊரின் திங் குலத்தார் அத்தகையோர். 'தீன்' என முடியும் முன்னோர் பெயரிலிருந்தே தம் குலப்பெயர் வந்தது என்பது அவர்கள் வழிச்செய்தி. தலைமுறை பல கடந்ததில் அவருள் பெரும்பாலோர் தொழுகையை மறந்தனர், பன்றியிறைச்சியும் உண்பர். ஆயினும் முன்னோர்க்குப் படையல் இடும் நாளில் மட்டும் அதனை அவர்கள் வைப்பதில்லை.