சர்க்கரை நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் தாமதம்

ஐதராபாத்: கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், கரும்பூஞ்சை நோயைத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் தெலுங்கானா அரசு அறிவித்தது. ஐதராபாத் கோட்டியில் உள்ள அரசு காது, மூக்கு, தொண்டை மருத்துவமனை அதற்கான சிறப்பு மையமாக்கப்பட்டது. நாடு முழுவதும் இந்நோய்க்கு இலக்கானவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். ரத்தத்தில் அமிலம் தேங்கும் ‘கீட்டோ அசிடோசிஸ்’ நிலை அப்பூஞ்சை வளர ஏதுவானது. கரும்பூஞ்சை அலை ஓய்ந்துவிட்டது. அந்த அமில நிலையின் ஆபத்து ஓயவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவு நோயாளிகள் 10.1 கோடி பேர்.

சிறுநீரகம் பழுதாவது எப்படி?

இன்சுலின் பற்றாக்குறையால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும்போது கீட்டோன் அமிலங்கள் பெருகுகின்றன. மிகுந்த சர்க்கரை சிறுநீருடன் நீரையும் இழுத்துச் செல்கிறது. பெரியவர் ஒருவர் சுமார் 6 லிட்டர் நீரை இழக்கக்கூடும். சிறுநீரகத்திற்குச் செல்லும் ரத்தம் குறைந்து, அது செயலிழக்கத் தொடங்குகிறது. உரிய நேரத்தில் சலைன் ஏற்றினால் பெரும்பாலும் மீண்டுவிடும். தாமதித்தால் டயாலிசிஸ் வரை செல்லலாம்.

முதுமை, முன்பே பழுதுற்ற சிறுநீரகம், நுரையீரல் அல்லது சிறுநீர்ப் பாதைத் தொற்று, தாழ்ந்த ரத்த அழுத்தம், மங்கிய நினைவு, கடும் அமிலத்தன்மை ஆகியவை ஆபத்தை அதிகரிக்கின்றன. பொட்டாசியம் அளவைப் பார்க்காமல் இன்சுலின் செலுத்துவதும் இதயத் துடிப்பைப் பாதித்து உயிரைப் பறிக்கலாம். தரமான சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பெரியவர்களிடையே இறப்பு 1 சதவிகிதத்திற்கும் குறைவு. வயது முதிர்ந்தோரிடமும் வேறு கடும் நோய் உள்ளோரிடமும் 5 சதவிகிதத்தைத் தாண்டுகிறது.

காப்புரிமை முடிந்து விலை குறைந்துள்ள டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் மாத்திரைகளை உட்கொள்வோருக்கு, சர்க்கரை அதிகம் உயராமலேயே இந்நிலை ஏற்படக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு ஆகியவற்றை வெறும் அஜீரணம் என ஒதுக்குவது இவர்களுக்குப் பேராபத்து.

பஸ்தி தவாகானா காக்குமா?

ஒன்றுபட்ட ஆந்திராவில் 2007இல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ திட்டம் ஏழைகளின் பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கு வழி திறந்தது. டயாலிசிசும் அதில் அடங்கும். ஆனால் இந்நோயாளியைக் காக்க வேண்டிய இடம் டயாலிசிஸ் அறை அல்ல. தடைபடாத இன்சுலினும், கீட்டோனைக் காட்டும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையும், உடனே ஏற்ற ஒரு பாட்டில் சலைனும், பெரிய மருத்துவமனைக்கு விரைய ஆம்புலன்சும் வீட்டருகே கிடைக்க வேண்டும். 2018இல் ஐதராபாத்தின் குடிசைப் பகுதிகளை நோக்கித் தொடங்கப்பட்ட ‘பஸ்தி தவாகானா’ மருத்துவ மையங்களே அதற்கு உகந்தவை.

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். நூறாண்டு கடந்தும் அம்மருந்து தடைபட்டதால் ஒரு கூலித் தொழிலாளி சிறுநீரகத்தை இழப்பாரானால், அது நோயின் குற்றம் மட்டுமல்ல.