மால்குடி ஸ்டேஷன் எந்த லைனில் இருக்கிறது?

சென்ற மாதம் நமது சங்க நூலகத்தில் பழைய புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் நம் உறுப்பினர் வீட்டுப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து, "அங்கிள், கதை எழுதுகிறவர்களுக்குக் கதை எங்கிருந்து வருகிறது? யோசித்து எழுதுவார்களா, தானாக வருமா?" என்று கேட்டான். முப்பத்தேழு வருடம் ரயில்வேயில் தண்டவாளத்தைப் பார்த்தே நடந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது! சிவில் டிப்ளமோ முடித்து பி.டபிள்யூ.ஐ. வேலையில் சேர்ந்தவன் நான். எஸ்டிமேட்டையும் லீவு லெட்டரையும் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. ஆனால் அன்று என் கையில் இருந்தது ஆர்.கே. நாராயண் எழுதிய 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. அதில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் உண்டு. ஆகவே எனக்கும் இதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று தைரியம் கொண்டு எழுதுகிறேன்.

நாராயண் நம்மைப் போல வெளியூர் போய்க் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். 1906-ல் சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். தந்தைக்கு மைசூர் சமஸ்தானத்தில் தலைமை ஆசிரியர் உத்தியோகம். எனவே பிறகு மைசூர்தான் ஊர் என்றாயிற்று. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், எழுதியது ஆங்கிலம். கல்லூரி நுழைவுத் தேர்வில் அந்த ஆங்கிலத்திலேயே ஒரு முறை தோற்றவர் அவர். மார்க் ஷீட்டைப் பார்த்தவுடன் குரலை உயர்த்தும் பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். சென்னபட்டணத்தில் வாத்தியார் வேலைக்கும் போய்ப் பார்த்தார். ஒட்டவில்லை. சில நாட்களில் விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அவருக்கு மால்குடி கிடைத்த விதத்தைத் தம் சுயசரிதையான 'மை டேஸ்' நூலில் சொல்லியிருக்கிறார். 1930-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு நாவல் எழுத உட்கார்ந்தார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தபோது மனக்கண்ணில் ஒரு சிறிய ரயில்வே ஸ்டேஷன் வந்து நின்றது. அதன் பிளாட்பாரத்தில் சுவாமிநாதன் என்ற பையன், பிரயாணிகளின் முகத்தை எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடுகிறான். ஊரின் பெயரும் கூடவே வந்துவிட்டது. அந்த ஸ்டேஷனில் ஓர் ஆலமரம், ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், நாளைக்கு இரண்டே வண்டி, போவது ஒன்று, வருவது ஒன்று என்று வேறு சந்தர்ப்பத்தில் விவரித்திருக்கிறார்.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் நாங்கள் செய்வது நேர் தலைகீழ். முதலில் போக்குவரத்து இருக்கிறதா என்று சர்வே. பிறகு லெவல் எடுத்து, பாதை எப்படிப் போக வேண்டும் என்று தீர்மானம். அப்புறம் நில ஆர்ஜிதம், மண் வேலை, பாலம், ஜல்லி, ஸ்லீப்பர், தண்டவாளம். எல்லாம் முடிந்த பிறகுதான் மஞ்சள் பெயிண்ட் அடித்த பெயர்ப் பலகை. இந்த மனிதரோ ஊரும் இல்லாமல், லைனும் இல்லாமல், பெயர்ப் பலகையை முதலில் நட்டுவிட்டார்.

ஆனால் நாவலைத் திரும்பப் படித்தபோது ஒன்று கவனித்தேன். கண்ணில் முதலில் தெரிந்த அந்த ஸ்டேஷனில் கதை தொடங்கவில்லை. முதல் பக்கத்தில் வருவது திங்கட்கிழமைக் காலை. பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத ஒரு பையன். பிறகு வீட்டுப்பாடம், பாட்டி, சண்டை, கிரிக்கெட் என்று போகிறது. ஸ்டேஷன் முழுமையாக வருவது கடைசி அத்தியாயத்தில்தான். நண்பன் ராஜம் ஊரைவிட்டே போகிறான். அவனுக்குக் கொடுக்க ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி நகர ஆரம்பித்த நேரத்தில் சுவாமி தவிக்கிறான். முதல் நாள் தெரிந்தது பாதை போய்ச் சேர வேண்டிய இடம் என்றும், அது வரைக்கும் லைன் போடுவதுதான் மீதி வேலையாக இருந்தது என்றும் நான் எடுத்துக்கொள்கிறேன். இது என் சொந்தக் கணிப்பு. இலக்கியம் படித்தவர்கள் மறுக்கலாம்.

அந்த மீதி வேலைக்கு ஜல்லியும் மண்ணும் எங்கிருந்து வந்தன? மைசூர்த் தெருக்களிலிருந்து. நாராயண் ஊர் சுற்றுவதில் மன்னர். தினமும் நடப்பார். குக்கரஹள்ளி ஏரிக்கரை, மார்க்கெட், கோர்ட்டுப் பக்கம். வழியில் கடைக்காரர், வக்கீல், குமாஸ்தா என்று யார் கிடைத்தாலும் நின்று பேசுவார். வேலை வெட்டி இல்லாமல் திரிகிறார் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். நாங்கள் டிராலியில் போகாமல் காலால் நடந்து லைன் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. டிராலியில் போனால் தளர்ந்த போல்ட் தெரியாது. அவருடைய நடையும் அந்த ஜாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படிச் சேர்த்த சரக்கு எப்போது, எங்கே பயன்படும் என்று சொல்லவும் முடியாது. 1958-ல் வெளிவந்த 'தி கைடு' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். மைசூரில் ஒரு வருடம் கடும் வறட்சி. மழை வேண்டிச் சிலர் உபவாசம் இருந்து, காவிரியில் முழங்கால் அளவு நீரில் நின்று பதினோரு நாள் ஜபம் செய்தார்கள். இதைக் கேட்டபோது, விருப்பம் இல்லாமலே சாமியாராக்கப்பட்டு உபவாசம் இருக்க நேரும் ஒரு மனிதனின் கதை அவருக்குத் தோன்றியது. அதை உட்கார்ந்து எழுதியதோ 1956-ல் அமெரிக்கா போயிருந்தபோது, கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்து ஓட்டல் அறையில்! காவிரிக்கரை விஷயத்தை எழுத அத்தனை தூரம் போக வேண்டுமா என்றால், போனதால்தானோ என்னவோ வந்தது. 1960-ல் அதற்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

அந்த நாவலின் தொடக்கத்தில் மால்குடிக்கு ரயில் பாதை போடுகிறார்கள். மண் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். சிறுவன் ராஜு அங்கே விளையாடப் போய், வேலையாட்களிடமிருந்து கெட்ட வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு வருகிறான். எங்கள் மண் வேலை நடக்கும் இடங்களில் இப்படிப்பட்ட ராஜுகளை எத்தனை பேரைத் துரத்தியிருக்கிறேன்! நாராயண் ரயில்வேயில் ஒரு நாளும் வேலை பார்த்தவர் அல்ல. ஆனாலும் அதில் ஒரு பிசகு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

மால்குடி எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் பலர். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் சேர்ந்தது என்று பெங்களூர்க்காரர்கள் சொல்வார்கள். திருச்சிக்காரனான எனக்கு லால்குடி ஞாபகம் வருகிறது. சரயு நதி, மெம்பி மலை, கபீர் தெரு, நல்லப்பா தோப்பு எல்லாவற்றையும் குறித்து ஜேம்ஸ் ஃபென்னெல்லி என்ற அறிஞர் ஒரு வரைபடமே போட்டார். ஆசிரியரோ எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர் என்பதையே வசதியாக எடுத்துக்கொண்டார். தெரு வேண்டுமா, கோயில் வேண்டுமா, தேவைப்பட்ட இடத்தில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

வரைபடம் கேட்கும் புத்தி என் வீட்டிலும் ஒரு காரியம் செய்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நியாயம் இல்லை. 2001-ல் என் மகள் எட்டாம் வகுப்பு. ரூல் போட்ட நோட்டில் தமிழில் ஒரு கதை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த நாக்பூரில் வளரும் பெண் தமிழில் எழுதியதற்கே நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பூட்டிபோரிக்கு அப்புறம் நீலவாடி என்று ஒரு ஸ்டேஷன். அங்கே இறங்கினால் கடல். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பூட்டிபோரிக்கும் சிந்திக்கும் நடுவில் இருப்பது போர்க்கேடி, விதர்ப்பாவில் கடல் கிடையாது, இரவு பத்து மணிக்கு பாசஞ்சர் அங்கே நிற்காது என்று, பிரிட்ஜ் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் குறை எழுதுவது போல ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். சொல்லித்தருகிறேன் என்றுதான் நினைத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எதையும் என்னிடம் காட்டியதில்லை.

நாராயண் ராஜ்யசபை நியமன உறுப்பினராக இருந்தபோது, பிள்ளைகள் சுமக்கும் புத்தகப் பையின் பாரத்தைப் பற்றிப் பேசினார். விளையாடவும் கனவு காணவும் அவர்களுக்கு நேரம் இல்லை என்பது அவருடைய குறை. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. புத்தகப் பை கூட அல்ல, அவளை நிறுத்தியது ஒரு சிவப்புப் பேனா.

நூலகத்துப் பையன் கேள்வி கேட்ட அன்று இரவு புனேயில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன். அவளுக்கு இப்போது ஆறு வயதில் ஒரு பையன். "அந்த நோட்டு இருக்கிறதாம்மா?" என்று கேட்டேன். "எந்த நோட்டுப்பா?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு, வீடு மாற்றியதில் எங்கேயோ போயிருக்கும் என்றும், பையன் தினமும் படுக்கும்போது கதை கேட்டு உயிரை எடுக்கிறான் என்றும் சொன்னாள். "அந்த ஸ்டேஷனுக்கு ஏதோ பேர் வைத்திருந்தேனே, மறந்தே போச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்காப்பா?"

"நீலவாடி" என்றேன். பத்து மணி பாசஞ்சர் அங்கே நிற்கும் என்றும் சொன்னேன்.