வேலியோரச் சந்தனத்தைப் பிடுங்காதீர்கள்

உங்கள் தோட்டத்து வேலியில், கிளுவைக்கும் காரைக்கும் நடுவே, யாரும் நடாமலே ஒரு சந்தனக் கன்று முளைத்திருக்கக் காணலாம். ஜவ்வாது, சேர்வராயன், கல்வராயன், சித்தேரி மலையடிவாரங்களிலும் சத்தியமங்கலம் பகுதியிலும் இது புதிய காட்சியன்று. காட்டிலுள்ள சந்தன மரத்தின் பழத்தைத் தின்ற பறவை, கொட்டையை வேலிப்புதரில் போட்டுச் செல்கிறது. மழை பெய்ததும் கன்று முளைக்கிறது. முன்னாட்களில் இத்தகைய கன்றைக் கண்டவுடன் பிடுங்கி எறிந்த உழவர்கள் பலர். மரம் பெரிதானால் வம்பு வந்து சேரும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

மரம் யாருக்குச் சொந்தம்?

அந்த அச்சம் வீணானதன்று. மைசூர் நாட்டில் 1792-ஆம் ஆண்டில், திப்பு சுல்தான் ஆட்சியில், சந்தனம் அரசுக்கே உரிய மரம் என அறிவிக்கப்பட்டது. தமிழகத்திலும் பட்டா நிலத்தில் வளர்ந்த சந்தனம் நெடுங்காலம் அரசின் உடைமையாகவே கருதப்பட்டு வந்தது. நிலம் உழவருடையது, மரம் அரசினுடையது. மரம் திருடு போனால் விசாரணை மட்டும் உழவருக்கு என்ற நிலையில், கன்றை யார் காப்பாற்றுவார்கள்? காட்டிலோ கடத்தல் மிகுந்தது. தோட்டத்தில் காப்பாரின்றியும் காட்டில் களவாலும் குறைந்துபோன இம்மரம், இன்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அழிவை நோக்கிச் செல்லும் வாய்ப்புள்ள இனங்களுள் ஒன்றாக இடம் பெற்றுள்ளது.

கர்நாடகத்தில் 2001-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் 2002-ஆம் ஆண்டிலும் சட்டம் திருத்தப்பட்டு, பட்டா நிலத்துச் சந்தனம் நில உடைமையாளருக்கே சொந்தம் என்றாயிற்று. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனி விதிகளும் வகுக்கப்பட்டன. எனவே சந்தனம் வளர்ப்பது குற்றமன்று. ஆனால் அனுமதியின்றி வெட்டுவதும், கட்டையைக் கொண்டு செல்வதும், வியாபாரிக்கு விற்பதும் குற்றமே. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு உழவரும் மனத்தில் கொள்ளவேண்டும்.

சந்தனம் தனித்து வாழாது

சந்தனத்தின் பச்சை இலைகள் மற்ற மரங்களைப் போலவே மாவுப் பொருளைத் தயாரிக்கின்றன. ஆனால் அதன் வேர், தனக்கு வேண்டிய நீரையும் தாதுச் சத்துகளையும் மண்ணிலிருந்து போதிய அளவு எடுத்துக்கொள்ளும் திறன் பெற்றதன்று. அருகிலுள்ள செடிகளின் வேர்களைத் தேடிச் சென்று, சிறு குமிழ் போன்ற உறிஞ்சிகளால் அவற்றைப் பற்றிக்கொண்டு சத்தை எடுக்கிறது. ஆகவே இதனைப் பகுதி ஒட்டுண்ணி என்பர்.

வேலிப்புதரில் சந்தனம் செழித்து வளரும் காரணம் இப்போது விளங்கும். புதரின் வேர் அதற்கு உணவளிக்கிறது. முள் ஆடுமாடுகளிடமிருந்து காக்கிறது. சந்தனத் தழையைக் கால்நடைகள் விரும்பி மேயும் என்பதை நினைவில் கொள்க. சில உழவர்கள் கன்றின்மேல் கொண்ட அக்கறையால் சுற்றிலுமுள்ள புதரை வெட்டி, கொத்திச் சுத்தம் செய்துவிடுகின்றனர். பின்னர் உரமிட்டும் நீர் ஊற்றியும் கன்று மஞ்சளாகி வாடுவது ஏன் என்று திகைக்கின்றனர். கன்றுக்குச் சோறு போட்ட வேரையே வெட்டிவிட்டோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. நிழல் மிகுந்தால் மேலே கவிந்த கிளைகளை மட்டும் கழிக்கவேண்டும்; வேரைத் தோண்டக்கூடாது.

நாற்று வளர்ப்பு

சந்தனம் ஆண்டுக்கு இருமுறை பூத்துக் காய்க்கும். கருஞ்சிவப்பாகப் பழுத்த கனிகளைச் சேகரித்து, சதையை நீரில் கசக்கிக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்தவேண்டும். ஒரு கிலோவில் சுமார் 6000 விதைகள் இருக்கும். புது விதைக்கு ஏறத்தாழ இரண்டு மாத உறக்கக் காலம் உண்டு. முளைப்பை விரைவுபடுத்த, அரை கிராம் ஜிப்ரலிக் அமிலத்தைச் சிறிதளவு ஆல்கஹாலில் கரைத்து, ஒரு லிட்டர் நீரில் கலந்து, விதையை ஓர் இரவு ஊறவைத்து விதைக்கலாம். மூன்று பங்கு மணலும் ஒரு பங்கு செம்மண்ணும் கலந்த மேட்டுப்பாத்தி ஏற்றது. நீர் தேங்கினால் நாற்று அழுகும்.

நான்கு முதல் ஆறு இலைகள் விட்டதும், நாற்றைப் பாலித்தீன் பைக்கு மாற்றவேண்டும். ஒவ்வொரு பையிலும் துணைச் செடியாக ஒரு துவரை விதையை ஊன்றுக. துவரை ஓங்கி வளர்ந்து நாற்றை மறைக்காதவாறு அவ்வப்போது கிள்ளிவிடவேண்டும். ஆறு முதல் எட்டு மாதங்களில் ஓர் அடிக்கு மேல் வளர்ந்த நாற்று நடவுக்குத் தயாராகிவிடும். விலைக்கு வாங்குவோர், பையில் துணைச் செடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

நடவும் பராமரிப்பும்

வடிகால் வசதியுள்ள செம்மண், சரளை நிலங்கள் ஏற்றவை. நீர் தேங்கும் நஞ்சையில் நடவேண்டாம். பருவமழைத் தொடக்கத்தில், 45 செ.மீ. நீள, அகல, ஆழமுள்ள குழிகளில் மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் இட்டு நடவேண்டும். 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 160 கன்றுகள் பிடிக்கும்.

கன்றின் அருகில் துவரை அல்லது அகத்தியும், இரண்டு சந்தனங்களுக்கு நடுவில் சவுக்கு, புங்கம், வேம்பு போன்ற நீடித்த மரங்களில் ஒன்றும் இருக்கவேண்டும். துவரையும் அகத்தியும் சில ஆண்டுகளில் மடிந்துவிடும். அதன் பின்னர் சந்தனத்தைத் தாங்குவது நீடித்த துணை மரமே. தொடக்க ஆண்டுகளில் இடைவெளியில் கொள்ளு, நிலக்கடலை பயிரிட்டு வருமானம் பெறலாம். மரத்தையொட்டி ஆழ உழுதல் கூடாது. தீயையும் சந்தனம் தாங்காது. எனவே கோடையில் வரப்புச் சருகைக் கொளுத்தாதீர்கள்.

இலைகள் சிறுத்து நெருங்கி, கிளை நுனி விறைத்து நின்றால் அது ஸ்பைக் நோயாகும். 1899-ஆம் ஆண்டில் குடகில் முதலில் அறியப்பட்ட இந்நோய், பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் உண்டாகி, சாறு உறிஞ்சும் பூச்சிகளால் பரவுகிறது. இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோயுற்ற மரத்தைக் கண்டவுடன் வனத்துறைக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்வதன்படி அகற்றவேண்டும்.

வருமானக் கணக்கு

சில ஆண்டுகளில் கோடி ரூபாய் என்று கூறிக் கன்று விற்போரிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். சந்தனத்தின் மணமும் எண்ணெயும் வைரத்திலும் வேரிலுமே உள்ளன, வெளிறில் இல்லை. சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பிறகே வைரம் உருவாகத் தொடங்கும். நல்ல வைரம் பாய 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம். ஒரே வயதுள்ள இரு மரங்களில் ஒன்றில் வைரம் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் இருப்பதுண்டு. எனவே கடன் வாங்கி நிலம் முழுவதும் சந்தனம் நடுவது சிறு விவசாயிக்கு ஏற்றதன்று. வரப்பிலும் வேலியிலும் பத்து இருபது மரங்கள் வளர்ப்பதே பாதுகாப்பானது. வைரம் பாய்ந்த மரத்திற்குக் காவலும் தேவை. வீட்டருகே நிற்கும் மரத்தைக் காப்பது எளிது.

மறவாமல் செய்யவேண்டியவை

கன்று நட்டவுடன், அல்லது தானாக முளைத்த கன்று நிலைபெற்றவுடன், கிராம நிர்வாக அலுவலரிடம் கூறி அடங்கலில் பதிவு செய்யவேண்டும். வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புதல் பெற்று வைத்துக்கொள்க. மரம் திருடு போனாலோ பட்டுப்போனாலோ, தாமதமின்றி வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்கவேண்டும். இப்பதிவே உங்களுக்குச் சாட்சி.

அறுவடைக்கு மாவட்ட வன அலுவலரிடம் விண்ணப்பிக்கவேண்டும். வேரிலும் எண்ணெய் இருப்பதால் மரத்தை அடியோடு தோண்டி எடுப்பதே வழக்கம். வனத்துறைக்குத் திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் ஆகிய இடங்களில் சந்தனக் கிடங்குகள் உள்ளன. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பிடித்தம் எவ்வளவு, பணம் எப்போது கிடைக்கும் என்பவற்றை விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேட்டறிதல் நலம். நாற்று, சாகுபடி பற்றிய ஐயங்களுக்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியையும் அருகிலுள்ள வனத்துறை நாற்றங்காலையும் அணுகலாம்.

பறவை விதைத்து, புதர் வளர்த்த கன்று உங்கள் வேலியில் நின்றால், இனி அதைப் பிடுங்கவேண்டாம். புதரை விட்டுவையுங்கள்; மரத்தைப் பதிவு செய்யுங்கள். நீங்கள் காத்த மரம் உங்கள் பிள்ளைகளுக்குப் பயன் தரும்.